லோங் வீக்கென்டும் மாமியின்ர கஞ்சியும்

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவிலை இருக்கிறம். இந்த விக்டோரியா டே லோங் வீக்கென்டுக்கு அவர் முஸ்கோகாவிலை கொட்டேஜ் புக் பண்ணிட்டார், சனி போய் திங்கள் பின்னேரம் வாறது, போன் சிக்னலும் இல்லாத இடமாம், நிம்மதியாம். திங்கள் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். மாமி 2009இலை கடைசி மகனை முள்ளிவாய்க்காலிலை பறிகுடுத்தவ. "அண்டைக்கு இறைச்சி வாட்டித் தின்னப் போறியளோ" எண்டு கேட்டவதான், ரெண்டு நாளாக் கதையில்லை. பிள்ளையள் போகத் துடிக்கினம். நான் ஆர் பக்கம் நிக்கிறது?

பதில்: தங்கச்சி, உங்கட வீட்டிலை ஆரும் பிழை விடேல்லை, கலண்டர் செய்யிற வேலை இது. விக்டோரியா டே மே 25க்கு முந்தின திங்கள், 18இலை இருந்து 24க்குள்ளை எங்கையும் விழும், 2015, 2020, இப்ப 2026 எல்லாம் 18இலைதான், ஏன் 2009இலை அந்தத் திங்களும் இஞ்சை விக்டோரியா டேதான். விக்டோரியா ராணி பிறந்தது மே 24, பெட்டியிலை இருக்கிற பியரும் 24 எண்டு பகிடி விட்டுக்கொண்டு இஞ்சத்தைச் சனம் சம்மர் துவங்கீட்டுது எண்டு வெளிக்கிட, நாங்கள் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு ஆற்ற பெயர் வரப்போகுதோ எண்டு இருந்தனாங்கள். மாமிக்கு லோங் வீக்கென்ட் எண்டாலே அதுதான் ஞாபகம் வரும்.

ஆனா எனக்கு உங்கட அவரைத்தான் யோசினை. மாமி மகனை இழந்தவ எண்டு எழுதியிருக்கிறியள், அவர் தம்பியை இழந்தவர் எண்டு ஒரு வரியும் இல்லை. சரியா அந்த நாளுக்கு சிக்னல் இல்லாத இடமாப் பாத்துப் புக் பண்ணினது தற்செயல் எண்டு எனக்குத் தெரியேல்லை. பிள்ளையள் படுத்தாப்பிறகு ஒரு தேத்தண்ணியைக் குடுத்து, "தம்பியின்ர ஞாபகம் வந்திடும் எண்டோ போறியள்" எண்டு மெல்லக் கேளுங்கோ. மறுமொழி வராட்டிலும் விடுங்கோ, கேட்டது காணும்.

கொட்டேஜைக் கான்சல் பண்ண வேண்டாம், ஒரு நாள் முந்தித் திரும்புங்கோ. சனிக்கிழமை பார்பிகியூவை முடிச்சிட்டு ஞாயிறு பின்னேரம் வந்தியள் எண்டால் திங்கள் பின்னேரம் 400 ஹைவேயிலை பரீ (Barrie) டவுனிலை இருந்து ட்ராஃபிக்கிலை ஊருற ஊரலும் மிச்சம். மாமியையும் வாறியளோ எண்டு கேளுங்கோ, மாட்டன் எண்டால் இழுக்காதேங்கோ, ஆனா தனிய விட்டிட்டும் போகாதேங்கோ, ஆரும் சொந்தக்காரர் வந்து நிக்கட்டும்.

திங்கள் காலமை கஞ்சி. அரிசி, தண்ணி, உப்பு, அவ்வளவுதான், அங்கை கடைசியிலை சனம் வரிசையிலை நிண்டு குடிச்சது அதைத்தான், ருசிக்கெண்டு நீங்கள் ஒண்டும் சேர்க்காதேங்கோ. மாமி காய்ச்சட்டும், அவர் விளக்குக் கொளுத்தட்டும், பிள்ளையளுக்குச் சிரட்டையிலை வாத்துக் குடுங்கோ. எங்கட வீட்டிலை முதல்முறை காய்ச்சேக்கை மகள் "ஊறுகாய் இல்லையோ அம்மம்மா" எண்டு கேட்டிட்டாள், எனக்கு உயிர் போச்சு, ஆனா அம்மா சிரிச்சிட்டா, அதுக்குப் பிறகுதான் அவ கதைக்கவே துவங்கினவ, மத்தியானம் வரைக்கும் நிப்பாட்டேல்லை. பின்னேரம் நினைவேந்தலுக்குப் போறதோ வீட்டிலை இருக்கிறதோ மாமியின்ர விருப்பம், நீங்கள் முடிவெடுக்காதேங்கோ.

ஒண்டு மறந்து போகாதேங்கோ, திங்கள் இரவு வெடி. ரொறன்ரோவிலை விக்டோரியா டேக்கும் கனடா டேக்கும் சொந்த வளவுக்கை 11 மணி வரைக்கும் பெர்மிட் இல்லாமல் கொளுத்தலாம், பக்கத்து வீட்டுப் பெடியள் விடமாட்டினம். ஷெல்லடிக்குள்ளாலை வந்த சனத்துக்கு அந்தச் சத்தம் சும்மா சத்தம் இல்லை. இருட்டமுதலே மாமிக்குச் சொல்லி வையுங்கோ, ஜன்னலைப் பூட்டி டீவியைப் போட்டிட்டு ஆராவது பக்கத்திலை இருங்கோ. உங்கட மகன் ஏதும் வாங்கி ஒளிச்சு வைச்சிருந்தால் அது ஜூலை 1, கனடா டே வரைக்கும் கராஜுக்கை கிடக்கட்டும்.