லிஃப்டுக்குத் தனிக் காசா? மும்பை வாடகைக் கேள்விகளும் பதில்களும்

மும்பையில் வாடகை வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர் நான். ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி (செம்பூர்): குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. லிஃப்டுக்கும் தண்ணீருக்கும் இனி மாதம் 1,200 ரூபாய் தனியாக வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கத்தான் வேண்டுமா அம்மா?

பதில்: ஒப்பந்தத்தில் பராமரிப்புச் செலவு யார் தலையில் என்று பாருங்கள். 'வாடகையில் அடக்கம்' என்று இருந்தாலோ, தனியாக வசூலிக்கலாம் என்று எங்கும் சொல்லாமல் இருந்தாலோ, காலம் முடியும்வரை ஒரு பைசாகூட ஏற்ற முடியாது. ஒப்பந்தமே எழுதவில்லையா? அப்படியானால் அவர் பாடுதான் திண்டாட்டம். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, பிரிவு 55 சொல்வது இது: லீவ் அண்ட் லைசென்ஸ் (வாடகைதாரர் உரிமை தராமல், குறிப்பிட்ட காலம் தங்க மட்டும் அனுமதிக்கும் ஒப்பந்தம்) ஆனாலும் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும், அது வீட்டுக்காரரின் பொறுப்பு. செய்யாவிட்டால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும், மறுத்து நிரூபிக்கும்வரை. வீட்டுக்காரருக்கு மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோகூட உண்டு. பதினொரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்று தரகர் சொல்வார். அது வேறு ஊர்க் கதை.

கேள்வி (தாராவி): பணம் தராததால் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

பதில்: தக்க காரணமின்றி அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்பது பிரிவு 29. நீங்கள் வாடகைதாரரா, லைசென்ஸ்தாரரா என்பதைப் பொறுத்து வழி மாறும். ஒப்பந்தத்தோடு நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்குள் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வங்கி வழியாகவே கட்டுங்கள்.

கேள்வி (முலுண்ட்): 'நான்-ஆக்குபன்சி' (non-occupancy, உரிமையாளர் தானே குடியிருக்காததற்கான) கட்டணத்தை என்னிடம் கேட்கிறார்கள்.

பதில்: சொசைட்டி, அதாவது கட்டடத்தின் வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம், அதை வீட்டு உரிமையாளரிடம்தான் வசூலிக்கும். சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2001 ஆகஸ்ட் அரசு உத்தரவு. மாநகராட்சி வரி அந்தக் கணக்கில் சேராது. ஒப்பந்தத்தில் நீங்கள் ஏற்காத வரை உங்களுக்குச் சம்பந்தமில்லை.

(ஒரு சொசைட்டிச் செயலர் குறுக்கிட்டு): எங்கள் பொதுக்குழு 25 சதவீதம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. பொதுக்குழுவுக்கு மேல் யார்?

பதில்: அரசு. உங்கள் வீட்டுத் திருமணத்தில் எத்தனை பந்தி என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்; இதை முடியாது.

செயலர்: சொந்த மகன் குடியிருக்கும் வீட்டுக்கும் வாங்குகிறோமே, யாரும் முணுமுணுக்கவில்லை.

பதில்: பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினர் இருந்தால் அந்தக் கட்டணமே கிடையாது! யாரும் கேட்காததால் அது சட்டமாகிவிடாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி (மாட்டுங்கா): லிஃப்டுக்கு 300 ரூபாய் கேட்கிறார்...

பதில்: முதல் பதில்.

கேள்வி (சயான்): காவலாளிக்கு...

பதில்: அதுவும் முதல் பதில். லிஃப்ட், காவலாளி, மாடித் தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பந்தம்தானே ஐயா? எது கொடுத்தாலும் ரசீது கேளுங்கள்.

கேள்வி (கோரேகாவ்): காலம் முடிந்துவிட்டது. புதிய கட்டணத்தை மறுத்துவிட்டுத் தொடர்ந்து இருக்கலாமா?

பதில்: கூடாது. முடிந்த ஒப்பந்தத்தின் பழைய நிபந்தனை கைகொடுக்காது. லைசென்ஸ் காலத்துக்குப் பின்னும் காலி செய்யாதவர் இரட்டிப்புக் கட்டணம் தர நேரிடும், பிரிவு 24. பேரம் பேசுங்கள், இல்லையேல் பெட்டியைக் கட்டுங்கள்.

செயலர்: எங்கள் கணக்கர் வேறு மாதிரி சொல்கிறார்.

பதில்: எழுத்தில் தரச் சொல்லுங்கள்.