அதாண்ணே இது

அன்புள்ள ஐயா,

நானும் நண்பனும் சேர்ந்து இரண்டு நிமிட நகைச்சுவைக் காணொளிகள் எடுக்கிறோம். வசனத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம். பதினொன்று போட்டாயிற்று, ஒருவரும் சிரிக்கவில்லை. இசை, சினிமா, நகைச்சுவையில் உங்களுக்குப் பிடித்த ஜோடிகள் யார்? விஸ்வநாதன்–ராமமூர்த்தி ஏன் பிரிந்தார்கள்? கவுண்டமணி–செந்திலில் எல்லாமே கவுண்டமணிதானே? செந்தில் வெறுமனே உதை வாங்குபவர்தானே?

கே.

அன்புள்ள கே.,

பட்டியல் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1952-ல் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் மறைந்தபோது அவர் பாதியில் விட்ட படங்களை முடித்துக் கொடுத்தவர்கள், 1965 வரை சேர்ந்து இசையமைத்தவர்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது வம்பு. அந்தப் பாடல்கள் இருக்கின்றன, கேளுங்கள்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ‘வெறுமனே உதை வாங்குபவர்’! பதினொரு காணொளிக்கும் ஏன் சிரிப்பு வரவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழத்தையே எடுத்துக்கொள்வோம். நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம். வாங்கியதில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொண்டுவந்து கொடுக்கிறார் செந்தில். ஒன்று இங்கே, இன்னொன்று எங்கே என்கிறார் கவுண்டமணி. பதில்: ‘அதாண்ணே இது.’

ஏன் இரண்டு பழம்? மூன்று வாங்கி இரண்டைத் தின்றிருந்தால் ‘மீதி எங்கே’ என்றுதான் கேட்க வேண்டும். ‘மீதி’க்கு ‘இதுதான்’ என்று பதில் சொல்ல முடியாது, எண்ணிக்கை காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாக இருந்தால் மட்டுமே ‘ஒண்ணு’, ‘இன்னொண்ணு’ என்ற பேச்சு வரும். எந்தப் பழத்தைக் கையில் வைத்திருந்தாலும் அது மற்றதற்கு ‘இன்னொண்ணு’தான். செந்தில் சொல்வதில் இலக்கணப்படி பிழை கிடையாது. ‘அது’ என்பது கேட்கப்படும் பழம், ‘இது’ கண்முன் இருக்கும் பழம். சுட்டுச் சொற்கள் இரண்டையும் ஒட்டவைத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்.

இப்போது நடுவில் இருக்கும் அந்த ‘ணே’யைக் கவனியுங்கள். அதை எடுத்துவிட்டு ‘அதான் இது’ என்று சொல்லிப் பாருங்கள். திமிர்! அடுத்த நொடி கைகலப்பு, அங்கே நகைச்சுவைக்கு இடமில்லை. ‘அண்ணே’ இருப்பதால் அது பணிவாகிறது, பணிவாகச் சொல்லப்படுவதால் கேட்பவருக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அண்ணன் ‘டா’ போடுவார், தம்பி ‘ணே’ போடுவார். தராசின் அந்த இரண்டு தட்டும் ஒருபோதும் சமமாகாது. நீங்கள் வசனத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறீர்களாம்! இரண்டு பேரும் ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஆளுக்கொரு கடி ஜோக் சொன்னால் அதற்குப் பெயர் ஜோடியா?

இன்னொன்று. கேள்வி திரும்பத் திரும்ப வரும்போது கவுண்டமணியின் குரல் ஏறுகிறது, கை ஏறுகிறது. செந்திலின் பதிலோ அதே சொல், அதே சுருதி. தம்புரா மாதிரி. தம்புரா அசைந்தால் பாட்டு கெட்டுவிடும். செந்தில் ஒரே ஒரு தடவை உதட்டோரம் சிரித்திருந்தாலும் அவர் திருடன் என்று ஆகியிருப்பார், காட்சி அங்கேயே படுத்திருக்கும். அடியும் வாங்கிக்கொண்டு, முகமும் மாறாமல், சொல்லும் மாறாமல் நிற்பதைத்தான் நீங்கள் ‘வெறுமனே’ என்கிறீர்கள்.

‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) மேண்டில் காட்சியும் அப்படித்தான், ஆனால் அதற்கு இன்று ஒரு சங்கடம் உண்டு. மேண்டில் என்பது தோரியம் உப்பில் ஊறிய வலைத்துணி. பெட்ரோமாக்ஸில் கட்டி முதல் தடவை எரித்ததும் துணி போய்விடும், வெள்ளைச் சாம்பல் கூடு மட்டும் தொங்கும். மண்ணெண்ணெய் ஆவி எரியும் சூட்டில் அந்தக் கூடுதான் ஒளிர்கிறது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும். திருவிழாவில் இந்த விளக்கைப் பார்த்து வளர்ந்தவனுக்குச் செந்திலின் கை நீளும்போதே வயிறு கலங்கும், தொடுவதற்குள் சிரிப்பு கிளம்பிவிடும். மேண்டிலைப் பார்த்தே இராத உங்கள் வயதுக்காரர்களுக்கு அதற்கப்புறம் விழும் திட்டு மட்டும்தான் கிடைக்கிறது. ஆகவே உங்கள் காணொளியில் உடையப்போகும் பொருள், பார்ப்பவன் வீட்டில் உடைந்த பொருளாக இருக்கட்டும். செல்போன் திரையில் ஒட்டும் கண்ணாடி இருக்கிறதே, அது போதும். தூசி துடைத்து, மூச்சைப் பிடித்து ஒருவன் ஒட்டப்போகும் நேரத்தில் இன்னொருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஹாலிவுட்டின் பழைய நகைச்சுவை ஜோடி லாரல்–ஹார்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். திரையில் மண்டுவாக நிற்கும் லாரல்தான் நகைச்சுவைகளை யோசித்து, படத்தொகுப்பு வரைக்கும் உட்கார்ந்து பார்த்தவர். ஹார்டி வேலை முடிந்ததும் கோல்ஃப் ஆடப் போய்விடுவார். மண்டு வேஷம் யாருக்கு என்று உங்கள் நண்பனோடு சண்டை வந்தால் இதைச் சொல்லுங்கள்.

தம்பி, நீங்கள் கெட்டிக்காரர், கடிதத்தில் ஒரு சந்திப்பிழைகூட இல்லை. அதனால்தான் திட்டுகிறேன். அடுத்ததில் வசனத்தை ஒன்பதுக்கு ஒன்று என்று பிரியுங்கள். அந்த ஒரு வசனத்தை நாலு தடவை மாற்றாமல் சொல்லட்டும். இரண்டு பேரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்துங்கள், உதை விழும்போது அண்மைக் காட்சிக்குத் தாவ வேண்டாம். வாங்குபவன் முகத்தையும் கொடுப்பவன் கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலி ஏதும் போடுகிறீர்களானால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.