முழங்கால் ஆபரேஷனுக்கு இரண்டு டாக்டர் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, கோத்தகிரிப் பக்கம் 30 வருடம் கொழுந்து பறித்தவர். சுகர், பி.பி. இரண்டும் உண்டு. கோவையில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எலும்பு டாக்டரோடு ஒரு பொது மருத்துவரும் தினமும் வந்து பார்ப்பாராம், அவருக்கு ஃபீஸ் தனியாம். இது தேவையா, பில் ஏற்றும் வேலையா?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். நானும் பொது மருத்துவர் என்பதால் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

மூட்டைச் சரியாகப் பொருத்துவது எலும்பு டாக்டர் வேலை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வயதில் வருகிற தொல்லை பெரும்பாலும் மூட்டில் வருவதில்லை. சுகர் ஏறும், பி.பி. இறங்கும், சிறுநீர் அடைக்கும், ரத்தத்தில் சோடியம் குறையும், ராத்திரி திடீரென்று ஆளே மாறிப்போய் "எஸ்டேட்டுக்கு நேரமாச்சு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார்கள். எலும்பு டாக்டர் அடுத்த ஆபரேஷனில் நிற்கும்போது இதையெல்லாம் யார் பார்ப்பது?

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 526 பேரை வைத்து இதைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். இருவரும் சேர்ந்து பார்த்தவர்களில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வீடு திரும்பியவர்கள் அதிகம். குறைந்தது சின்னச் சிக்கல்கள்தான், பெரியவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. மொத்தச் செலவும் ஏறவில்லை. அது அங்கத்திய கணக்கு, உங்கள் பில்லுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அம்மாவுக்குச் சுகரும் பி.பி.யும் இருப்பதால் நான் வேண்டும் என்றே சொல்வேன், 50 வயதில் வேறு நோயே இல்லாதவர் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு பேர் வந்து போவது வேறு, சேர்ந்து பார்ப்பது வேறு. நான் பயிற்சியில் இருந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களும் ஆளுக்கொரு வலி மாத்திரை எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஒரு சுகர்காரப் பாட்டிக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) ஏறிவிட்டது, நல்லவேளை நாலைந்து நாளில் இறங்கியது. அதனால் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள்: வலி மருந்து யார் எழுதுவார்? ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து எத்தனை நாள்? (முழங்காலுக்குக் குறைந்தது 10 முதல் 14 நாள், சிலருக்கு 35 நாள் வரை.) ராத்திரி 2 மணிக்கு நர்ஸ் யாரைக் கூப்பிடுவார்?

அப்புறம் அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு இருவரிடமும் காட்டுங்கள். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் இருந்தால் அதை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுகர் அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கவலையே. மூச்சு வாங்கினால் "மேடு ஏறினது, குளிரு" என்று நம் ஊரில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆபரேஷன் ஆன சில வாரங்களுக்குள் மூச்சு வாங்குவது, நெஞ்சு வலிப்பது இரண்டும் நுரையீரலில் ரத்தக்கட்டி போய் அடைத்ததாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிட்டு, இருப்பதில் கிட்டத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபரேஷன் செய்த இடம்தான் வேண்டும் என்று மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.