ஊனமும் மாற்றுத்திறனும் – கடிதம்

வணக்கம்.

சென்ற வாரக் கட்டுரையில் இரண்டு இடங்களில் ‘ஊனமுற்றவர்’ என்று எழுதியிருந்தீர்கள். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் வந்த பிறகுதான் அம்மா அவனைப் பற்றி வெளியில் தயங்காமல் பேச ஆரம்பித்தார். நீங்களே பழைய சொல்லை எழுதலாமா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

அந்த இரண்டு இடங்களையும் திருத்திவிட்டேன். உங்கள் அம்மாவின் தயக்கத்தைப் போக்கிய சொல்லைத் தள்ளிவைக்க எனக்கு உரிமையில்லை.

ஆனாலும் ‘ஊனமுற்றவர்’ வசைச்சொல்லாகப் பிறந்ததல்ல. ஊனம் என்றால் குறைவு, வடமொழியிலிருந்து வந்தது. ‘நோயுற்றவர்’ என்பதைப் போல, ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறதே தவிர, ஆளையே ஊனம் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய சொற்கள் ஆளையே அப்படிச் சொன்னவை. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ‘கூனும் குறளும் ஊமும் செவிடும்’ என்று அடுக்கிப்போய் ‘எண்பேர் எச்சம்’, அதாவது எட்டு வகைக் குறைப் பிறப்புகள், என்கிறார். மனிதர்களைச் சொல்லும் சொற்கள்தாம். ஆனால் அன் விகுதி இல்லை, அர் விகுதி இல்லை. தொல்காப்பியம் இதற்கு விதியே வைத்திருக்கிறது. உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைக் கிளவியாக்கம் என்ற இயலில் வரிசைப்படுத்தும்போது ‘உறுப்பின் கிளவி’யையும், அதாவது உறுப்புக் குறையால் ஆளைச் சுட்டும் சொல்லையும், சேர்க்கிறது. அந்த விதிப்படி முடம் ‘வந்தது’, ‘வந்தான்’ அல்ல. அதே வரிசையில் அரசும் உண்டு, குழவியும் உண்டு. ஆனால் ‘அரசு வந்தது’ என்பதில் இருக்கும் மதிப்பு ‘முடம் வந்தது’ என்பதில் இல்லை.

என் பெரியம்மா மகனுக்கு இரண்டு வயதில் போலியோ. தொடையைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பார். சின்ன வயதில் ரேஷன் கடைக்கு அவரோடு போவேன். “நொண்டி வருது, வழி விடுங்க” என்பார்கள். நல்ல மனதோடுதான். போன மாதமும் அவரோடு ஒரு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே இருந்தவர் எடை போடுபவரிடம் குரல் கொடுத்தார்: “மாற்றுத்திறன் ஒண்ணு நிக்குது, அத முதல்ல அனுப்பு.” அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பையை நீட்டி அரிசியை வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் அன்று முழுக்க ஆறவில்லை. பெயர் மாறிவிட்டது, ‘நிக்குது’ மாறவில்லை.

2010 வாக்கில், கருணாநிதி முதல்வராக இருந்தபோது, தமிழக அரசு இந்தப் புதுச்சொல்லை ஏற்றது. அதில் எனக்குப் பிடித்தது ‘திறன்’ அல்ல, ‘ஆளி’. தொழிலாளி, உழைப்பாளி வரிசையில் நிற்கிற, உயர்திணையை விட்டு இறங்காத விகுதி. அந்தக் கடைக்காரர் சரியாக அதைத்தான் வெட்டிவிட்டார். திறன் என்ற பகுதி என்னை உறுத்தத்தான் செய்கிறது. தனித்திறன் எதுவும் இல்லாதவருக்கும் பேருந்தில் ஏற உரிமை உண்டே. அண்ணனுடைய அடையாள அட்டையில் மேலே ‘மாற்றுத்திறனாளி’, உள்ளே ‘ஊனத்தின் அளவு’ என்று சதவீதம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வேலை ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதமாவது வேண்டும். அதை அளக்கும்போது பழைய சொல்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பியைப் பற்றி எழுத நேர்ந்தால் முதலில் அவர் பெயரை எழுதுவேன். தேவைப்பட்டால் ‘காது கேளாதவர்’ என்பேன். அவர் சைகையில் பேசுவாரா? தன்னைப் பற்றிச் சொல்லும்போது என்ன சைகை காட்டுகிறார்? கேட்டு எழுதுங்கள்.