சிசாட்டில் போனதால் கணக்கு வராது என்று யார் சொன்னது?

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். பெண்ணுக்கு 22 வயது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி, அப்புறம் பி.ஏ. வரலாறு. ஐ.ஏ.எஸ். போன்ற வேலைகளுக்கான யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வை முதல்முறை எழுதியதில், கணக்கும் பத்தி வாசிப்பும் வருகிற சிசாட் என்கிற இரண்டாம் தாளில் போய்விட்டது. அப்பாவுக்குக் கொருக்குப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. அம்மா பேசி முடிக்கும்வரை பெண் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

"எங்க அண்ணன் இவள டெல்லிக்கு அனுப்பச் சொல்றாரு சார். எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம் ஆகுமாம். என் நகைய வெச்சா புரட்டிடலாம். கணக்குதான் இவளுக்கு வரல, அங்க போனா வந்துடும்கிறாரு."

பயப்படாதீங்கம்மா என்றுதான் நானும் ஆரம்பித்தேன். நகை என்ற சொல் வந்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். அன்றைக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் உதவும்.

அம்மா, முதலில் அந்த வினாத்தாளைப் பார்ப்போம். சிசாட்டில் 80 கேள்வி, கேள்விக்கு 2.5 மதிப்பெண், மொத்தம் 200. 2015-லிருந்து இது வெறும் தகுதித் தாள். 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும், அதற்கு மேல் எடுப்பது ரேங்க்கில் சேராது. தப்பான விடைக்குக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். உங்கள் பெண் 60 கேள்விக்கு விடை போட்டிருக்கிறாள். விடைக்குறிப்போடு ஒப்பிட்டால் 33 சரி, 27 தப்பு. சரியானதற்கு 82.5, தப்புக்குக் கழிந்தது 22.5, கையில் நின்றது 60. இவளே 40 கேள்வி மட்டும் தொட்டு அதில் 30 சரியாகப் போட்டிருந்தால், மூன்று சரி குறைந்தும் 66.67 வந்திருக்கும்.

அந்த 27 தப்பும் எங்கே விழுந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கணக்குப் பகுதியில் ஆறோ ஏழோதான். மற்றதெல்லாம் ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகள், அதுவும் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் குருட்டாம்போக்கில் போட்டவை. முதல்நிலைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் அச்சாகிறது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்த பெண் இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனை பத்தியையும் ஆங்கிலத்தில் படித்து முடிக்கத் திணறியிருக்கிறாள். இவளுக்குக் கணக்கு வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

உங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டை எழுதுவதே இவள்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். உடனே ஒன்று கேட்டுப் பார்த்தேன். 15,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அசலில் மாதம் 1,500 கட்டிக்கொண்டே வந்தால் பத்து மாதத்தில் மொத்த வட்டி எவ்வளவு? பேனாவைக்கூட எடுக்கவில்லை. "மொத மாசம் 150, கடைசி மாசம் 15. கூட்டினா 165. இந்த மாதிரி அஞ்சு ஜோடி. 825 சார்." பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கூட்டுத் தொடர் என்று வருவது இதுதான். இந்தப் பெண்ணுக்கா கணக்கு சொல்லித்தர ரெண்டு லட்சம்?

டெல்லி வேண்டாம். நகையையும் வைக்க வேண்டாம். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

அப்புறம், யாரும் அவளிடம் கேட்காத கேள்வியை நான் கேட்டேன்: உனக்கு என்னம்மா பிடிக்கும்? தெருவில் பாட்டிகளுக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கிறாளாம். "தாலுகா ஆபீஸ்ல அந்தப் பக்கம் உட்கார்ந்து மனு வாங்கணும் சார்" என்றாள். அந்த நாற்காலிக்குப் போகும் வழி டிஎன்பிஎஸ்சி, அதாவது மாநில அரசு வேலைக்கான தேர்வு. மாமாவுக்கு அது கௌரவமாகத் தெரியாமல் இருக்கலாம். உட்காரப் போவது இவள்.

அதில் குரூப் 4 என்கிற தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, மீதி 25 திறனறிவு, அதாவது கணக்கும் புதிரும். தமிழிலேயே எழுதலாம், தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். தமிழையும் பொது அறிவையும் எல்லோரும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். அந்த 25-ஐக் கண்டு ஒதுங்குகிறவர்கள்தான் என்னிடம் வருவதில் அதிகம். 37.5 மதிப்பெண் அது. 2024-ல் 15 லட்சத்துக்கு மேல் பேர் எழுதிய தேர்வில் இரண்டு கணக்கு கூடுதலாகச் சரியானால் ரேங்க் எங்கேயோ போய்விடும்.

இதற்குக் கோச்சிங் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். அரசுப் பாடப்புத்தகம் போதும். எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' என்றொரு பாடம் இருக்கிறது: சதவீதம், லாபம் நட்டம், கூட்டு வட்டி, காலமும் வேலையும் எல்லாம் அந்த ஒரே பாடத்தில். நான் முதலில் பிரிக்கச் சொல்வது அதைத்தான். பிறகு 6, 7, 8-ஆம் வகுப்புகளில் 'தகவல் செயலாக்கம்'. எண் வரிசை, புதிர் வகைக் கேள்விகளுக்கு அது நல்ல அடித்தளம். மீ.பொ.கா., மீ.சி.ம. இரண்டையும் ஆறாம் வகுப்பிலிருந்தே எடுக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்தாவதில் தொடர்வரிசையும் அளவியலும். பகடைக் கேள்விகளுக்குச் சூத்திரம் மனப்பாடம் செய்வதைவிட, சாக்பீஸ் டப்பாவின் ஆறு பக்கத்திலும் எண் எழுதிக் கையில் உருட்டிப் பார்ப்பது மேல். தினம் ஒரு மணி நேரம், 25 கேள்வி, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு. தப்பான கணக்குகளுக்குத் தனி நோட்டு. விடை என்ன என்பதை விட்டுவிட்டு, எந்த வரியில் சறுக்கினோம் என்பதை அதில் எழுத வேண்டும்.

வகுப்பும் தேவை என்றால், பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் தமிழ்நாடு அரசின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே அதுதான். அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் நீங்கள் தினமும் போகிறீர்கள், உள்ளே இப்படி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியவில்லை. பேப்பரில் சேர்க்கை அறிவிப்பு வருவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

யுபிஎஸ்சி கதவு மூடிவிடவில்லை. பொதுப் பிரிவுக்கே 32 வயது வரை, ஆறு தடவை எழுதலாம். மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. ஆனால் முதல்நிலையில் ஒரு தாள் எழுதினாலும் ஒரு வாய்ப்பு கணக்கில் போய்விடும். "சும்மா எழுதிப் பாரேன்" என்று அடுத்த வருடம் யாரும் தள்ளிவிடாதீர்கள். பத்தியைப் படிக்கும் வேகம் வரட்டும். யுபிஎஸ்சி இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசம். இரவில் இரண்டு பத்தி போதும். பத்தியில் இல்லாத விஷயத்தைத் தன் பொது அறிவிலிருந்து சேர்த்து விடை போடும் பழக்கம் இவளுக்கு இருக்கிறது, அதை விட வேண்டும். ஒருநாள் இவளுக்கே ஆசை வந்தால், தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் நுழைவுத் தேர்வு வைத்து 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். அதை எழுதட்டும். அப்போதும் நகை பீரோவிலேயே இருக்கும்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அந்த 60-க்கும் 40-க்கும் உள்ள கணக்கை வினாத்தாளோடு காட்டுங்கள். அதற்கு மேலும் டெல்லி என்றால் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பெண் மட்டும் தனியாக வரட்டும், அந்தத் தப்புக் கணக்கு நோட்டோடு.