அறுபது கார்டுக்குள் அடங்கு: டெக் கட்டுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். வேலந்தாவளம், சித்தூர், கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் மேஜிக், மீதி போக்கிமானும் யூகியோவும், மூன்றுமே அவரவர் கார்டுகளைச் சேர்த்து டெக் என்கிற கட்டாக அமைத்து ஆடுகிற விளையாட்டுகள். நான் பன்னிரண்டு வருடமாக மேஜிக் ஆடுகிறேன், மற்ற இரண்டும் அக்கா பையன்களுக்காகக் கற்றுக்கொண்டவை. கொஞ்ச நாளாகச் சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். மலையாளத்தில் கேட்டவர்களுக்கும் தமிழிலேயே பதில், நம் ஊரில் யாருக்கும் அது சிரமமில்லை.

அண்ணா, என் மேஜிக் டெக்கில் 72 கார்டு இருக்கு. குறைஞ்சது 60 இருக்கணும்னுதானே விதி, அதிகம் இருந்தா தப்பில்லையே? எல்லாமே நல்ல கார்டு, ஆனா தோத்துக்கிட்டே இருக்கேன். (பிளஸ் டூ மாணவர், வேலந்தாவளம்)

தம்பி, விதிப்படி தப்பில்லை, ஆனால் நீ தோற்பதற்குக் காரணமே அந்தப் பன்னிரண்டு கார்டுதான். கணக்கைப் பார். உன் டெக்கில் மிகச் சிறந்த கார்டு ஒன்று இருக்கிறது, அதை நாலு வைத்திருக்கிறாய். 60 கார்டு டெக்கில் முதல் கையில் வரும் ஏழில் அது ஒன்றாவது இருக்க 40 சதவீதம் வாய்ப்பு. 72 ஆக்கினால் 34 சதவீதம். அதே கார்டை ஒன்றே ஒன்று வைத்தால் 60-இலும் 12 சதவீதத்துக்குக் கீழேதான். நீ சேர்க்கிற ஒவ்வொரு "நல்ல" கார்டும் உன்னுடைய மிக நல்ல கார்டை உன் கையிலிருந்து தள்ளி வைக்கிறது, சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிற மாதிரி.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போன மாதம் ஒரு தம்பியின் டெக்கைப் பாயில் விரித்தோம். மனா விலைப்படி (கார்டை இறக்கச் செலவிடும் சக்திதான் மனா, அதை லேண்ட் கார்டுகள் தரும்) வரிசையாக அடுக்கச் சொன்னேன், 1 மனா கார்டெல்லாம் இடது ஓரம், 2 அதற்குப் பக்கத்தில், அப்படியே. இடது ஓரத்தில் இரண்டு கார்டு, வலது ஓரத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் பதினேழு கார்டு, டிராகன்களும் ராட்சதர்களுமாக ஒரு மலை. தனித்தனியாக எடுத்தால் எல்லாம் அருமையான கார்டுகள். ஆனால் ஐந்தாவது லேண்ட் விழுகிறவரை அவன் கையில் இருப்பது வெறும் படம், எதிரில் இருப்பவன் அதற்குள் இரண்டாவது முறையிலிருந்தே அடித்துக்கொண்டிருக்கிறான். அப்புறம் நான் ஒவ்வொரு கார்டாகத் தூக்கி "இது என்ன வேலை செய்யுது?" என்று கேட்டேன். "நல்லா இருக்கும்ணா" என்பது பதிலில்லை. முன்னால் நிற்கிறதா, எதிரியுடையதை அழிக்கிறதா, கார்டு எடுத்துத் தருகிறதா, ஆட்டத்தை முடிக்கிறதா, இந்த நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முடிக்கிற வேலைக்கு மட்டும் பதினேழு பேர் நின்றார்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினோம், அந்த இடத்தில் 1, 2, 3 மனாவுக்குச் சாதாரண காமன் கார்டுகள் (பாக்கெட்டில் எளிதாகக் கிடைப்பவை) போட்டோம், அவன் பெட்டியில் சும்மா கிடந்தவைதான். அடுத்த வாரமே ஆட்டம் வேறு மாதிரி இருந்தது.

உன் டெக்கையும் அப்படி விரித்துப் பார். எடுக்க மனசு வராத கார்டைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.

லேண்ட் எத்தனை வைக்கணும்? ஒண்ணு லேண்டே வராது, இல்லன்னா லேண்டா வந்து கொட்டுது.

60-க்கு 24-இல் ஆரம்பியுங்கள். ஏழு கார்டில் சராசரியாக 2.8 லேண்ட் வரும். எல்லாமே 1, 2 மனா கார்டாக இருந்தால் 20-22 போதும், பெரிய கார்டு நிறைய இருந்தால் 26 வரை போகலாம். அங்கேயே பாக்கெட் பிரித்துக் கட்டுகிற 40 கார்டு டிராஃப்ட் டெக்குக்கு 17. எத்தனை வைத்தாலும் சில ஆட்டம் சொதப்பும், அது உங்கள் தப்பில்லை. ஆனால் ஒரு லேண்டோடு வந்த ஏழு கார்டை "அடுத்து வரும்" என்று நம்பி வைத்துக்கொள்வது உங்கள் தப்பு, மல்லிகன் எடுங்கள், அதாவது கையைத் திருப்பிக் கலைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

அப்போ லேண்டையும் மத்த கார்டையும் மாத்தி மாத்தி அடுக்கிட்டு லேசா கலைச்சா?

வேண்டாம். அப்புறம் நன்றாகக் கலைத்தால் அந்த அடுக்கு இருக்காது, செய்ததே வீண். அடுக்கு மிச்சமிருக்கிற அளவுக்கு லேசாகக் கலைத்தால் அது ஏமாற்று. 52 சீட்டுக் கட்டு நன்றாகக் கலைய ஏழு முறை இரண்டு பாதியாகப் பிரித்துக் கோத்துக் கலைக்க வேண்டும் என்று 1992-இல் இரண்டு கணித அறிஞர்கள், பேயரும் டயகோனிஸும், காட்டினார்கள். 60-க்கு எட்டு முறை கலையுங்கள், எதிராளியிடம் ஒரு வெட்டுக்குக் கொடுங்கள்.

சார், கம்பெனியே அச்சடிச்சு வித்துட்டு, அப்புறம் அவங்களே தடை பண்றாங்க. தெரிஞ்சே செய்யறாங்களா? ஒரு கார்டு ஓவர் பவர்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா? (பாலக்காட்டில் வேலை பார்ப்பவர்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மேஜிக் முதல் தொகுப்பிலேயே பாடம் இருக்கிறது. நிறத்துக்கு ஒன்றாக ஐந்து கார்டுகள், ஐந்துக்கும் விலை ஒரே மனா, ஐந்தும் எதையோ "மூன்று" தரும். வெள்ளை மூன்று உயிர்ப்புள்ளி தரும். சிவப்பு மூன்று அடி அடிக்கும், அதுதான் லைட்னிங் போல்ட். பச்சை ஒரு மிருகத்துக்குத் தாக்குதலும் தாங்கும் பலமும் மூன்று மூன்று கூட்டும். கறுப்பு மூன்று மனா தரும். நீலம் மூன்று கார்டு எடுக்க வைக்கும், ஆன்செஸ்ட்ரல் ரீகால். தாளில் பார்த்தால் சமம் மாதிரிதான் தெரிகிறது. ஆட்டத்தில்? வெள்ளைக் கார்டை யாரும் சீந்தவில்லை, நீலக் கார்டு இன்றைக்கு விண்டேஜ் என்ற ஒரே ஆட்டமுறையில், டெக்குக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அனுமதி. மூன்று உயிர்ப்புள்ளி எதிராளியின் ஓர் அடியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மூன்று கார்டு என்பது மூன்று புது வழி. ஆக, எத்தனை என்பதைவிட எதை என்பதுதான் கேள்வி. கார்டு எடுப்பதும் ஓசியில் மனா கிடைப்பதும்தான் இந்த விளையாட்டுகளில் அடிக்கடி விலை தப்பிப்போகிற சரக்கு. யூகியோவில் பாட் ஆஃப் கிரீட் என்ற கார்டு ஒரு செலவும் இல்லாமல் இரண்டு கார்டு எடுத்துத் தரும், அது தடைப் பட்டியலில் இருப்பதும் இதனால்தான்.

ஆரம்பத்தில் இன்னொரு தப்புக்கணக்கும் இருந்தது. ஒருத்தர் சில பாக்கெட்டுதான் வாங்குவார், பலமான கார்டு ஊருக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று நினைத்தார்கள். அதனால் முதலில் டெக்குக்கு 40 கார்டுதான், ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அப்புறம்தான் 60 கார்டு, ஒன்றில் நாலுக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது. அரிதாக இருப்பதைச் சமநிலை என்று நம்பக் கூடாது, கிடைத்தவன் கையில் அது அரிதில்லை.

முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா என்றால், பெரும்பாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறார்கள், நமக்குத் தெரிய வருவது தப்பியவை மட்டும். 2004-இல் வந்த ஸ்கல்கிளாம்ப்பைப் பாருங்கள். ஒரு மிருகத்துக்கு மாட்டுகிற கருவி, மாட்டினால் தாக்குதல் ஒன்று கூடும், தாங்கும் பலம் ஒன்று குறையும், அந்த மிருகம் செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். மாட்ட ஒரு மனா. தாங்கும் பலம் ஒன்றே உள்ள சின்ன கோப்ளினுக்கு மாட்டினால் மாட்டிய கணமே செத்துவிடும், அதாவது ஒரு மனாவுக்கு இரண்டு கார்டு. அந்த "ஒன்று குறையும்" என்பது கடைசி நேரத்தில் செய்த மாற்றம், மாற்றிய பிறகு போதுமான அளவு ஆடிப் பார்க்கவில்லை. தாங்கும் பலத்தைக் குறைக்கிற அந்த வரிதான் அதைப் பயங்கரமாக்கியது. பிப்ரவரியில் வந்த கார்டு ஜூனில் ஸ்டாண்டர்டில் (புதிய தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடும் முறை) தடை. 2019 அக்டோபரில் வந்த ஓகோ என்ற பாத்திரத்தின் கார்டு இன்னும் மோசம், மூன்று மனாவுக்கு இறங்கி எதிராளியின் எவ்வளவு பெரிய மிருகத்தையும் சாதாரண மானாக்கிவிடுவார், நவம்பரிலேயே தடை. வெளியான முதல் நாளில் உலகம் முழுக்க எத்தனையோ ஆயிரம் பேர் ஆடுகிற ஆட்டத்தைச் சில டஜன் பேர் உள்ளே உட்கார்ந்து மாதக்கணக்கில் ஆடினாலும் ஈடுகட்ட முடியாது. தடை வந்தால் கோபப்படுகிறவர்களை எனக்குப் புரிகிறது, காசு போகிறது. ஆனால் தப்பை ஒத்துக்கொண்டு திருத்துகிற விளையாட்டைத்தான் நான் நம்புவேன்.

யூகியோவில் 40-லிருந்து 60 வரை வைக்கலாம். எது நல்லது? (எட்டாம் வகுப்பு, சித்தூர்)

40, கண்ணை மூடிக்கொண்டு. மூன்று பிரதி உள்ள கார்டு முதல் ஐந்தில் வர 40-இல் 34 சதவீதம், 60-இல் 23 சதவீதம். அறுபதுக்கென்றே கட்டுகிற சில டெக்குகள் உண்டு, நீ இப்போது அங்கே போக வேண்டாம்.

கல்பாத்தி தேருக்குப் போனப்போ பையனுக்குத் தங்கக் கலர் போக்கிமான் கார்டு ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன், நூறு ரூபாய்தான். இது ஒரிஜினலா? இதை வெச்சு உங்க ஆட்டத்துக்கு வரலாமா?

ஒரிஜினல் இல்லைங்க. கட்டு முழுக்கத் தங்கப் பிளாஸ்டிக், எல்லாமே பெரிய பெரிய எண், அப்படி அசல் கம்பெனி பாக்கெட்டில் வராது. அசல் கார்டு அட்டையால் ஆனது, பின்பக்கம் நீலம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி லேசில் ஊடுருவாது, ஏனென்றால் அட்டைக்கு நடுவில் கறுப்பு அடுக்கு ஒன்று இருக்கும். பையனிடம் "ஏமாந்துட்டோம்" என்று சொல்லி அவன் முகத்தை வாட வைக்காதீர்கள், வீட்டில் ஆட அது போதும். மற்ற பிள்ளைகளின் அசல் கார்டோடு மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்களிடம் இரவல் டெக் இருக்கிறது.

அவன் டெக் கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். போக்கிமானில் சரியாக 60, முதல் ஏழில் ஒரு பேசிக் (பரிணாமம் பெறாத) போக்கிமானாவது இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கலைக்க வேண்டும், எதிராளி அதற்காகக் கூடுதலாக ஒரு கார்டு எடுக்கலாம். எட்டு பேசிக் வைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஓர் ஆட்டம் அப்படிப் போகும், பன்னிரண்டு வைத்தால் ஐந்தில் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் பரிணாமம் பெற்ற பெரிய போக்கிமானாக அடுக்கிவிட்டு பேசிக்கை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் ஆட்டத் தொடக்கத்தில் டெக்கிலிருந்து ஆறு பரிசுக் கார்டு கவிழ்த்து வைப்பதால், ஒரே ஒரு பிரதி உள்ள கார்டு பத்தில் ஓர் ஆட்டத்தில் அங்கே மாட்டிக்கொள்ளும். அவனுக்கு உயிரான கார்டு என்றால் இரண்டாவது வையுங்கள்.

ஜெயிச்சவங்க டெக்கை அப்படியே காப்பி அடிக்கிறது சரியா சேட்டா?

சரிதான். அவியல் வைக்கக் கற்றுக்கொள்கிறவர் முதலில் அம்மா சொன்னபடிதானே வைப்பார். ஆனால் இருபது ஆட்டம் ஆடாமல் ஒரு கார்டைக்கூட மாற்றாதே. ஏன் அந்தக் கார்டு அங்கே இருக்கிறது என்று புரிந்த பிறகு மாற்று.

உண்மையைச் சொல்லுங்க, காசு இருக்கிறவன்தானே ஜெயிக்கிறான்?

பெரிய போட்டிகளில் ஓரளவு ஆமாம், மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் எங்கள் மாடியில் கியூப் ஆடுகிறோம். 360 காமன் கார்டு, எட்டுப் பேர், ஆளுக்குப் பதினைந்து பதினைந்தாக மூன்று கட்டு, ஒன்றை எடுத்துவிட்டு மீதியைப் பக்கத்தில் தள்ள வேண்டும், எடுத்தவற்றை வைத்து டெக் கட்ட வேண்டும். பெட்டி எல்லோருக்கும் பொது. இதில் பணத்துக்கு வேலையே இல்லை.

அதைக் கட்டியபோதுதான் சமநிலை எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கே தெரிந்தது. பெஸ்டிலன்ஸ் என்றொரு பழைய காமன், ஒரு கறுப்பு மனா கொடுக்கிற ஒவ்வொரு முறையும் எல்லா மிருகங்களுக்கும் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஓர் அடி. ஆறு வாரம் அதை எடுத்தவர்தான் கடைசி வரை போனார். முதலில் அதை அழிக்கக்கூடிய கார்டு நாலு சேர்த்தோம். பலனில்லை, அவை பச்சையும் வெள்ளையும், சிவப்பும் நீலமும் ஆடுகிறவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாற்றுவழி உண்டு என்பது போதாது, அது மேசையில் உள்ள எல்லோருக்கும் எட்ட வேண்டும். கடைசியில் ஓட்டுப் போட்டு பெஸ்டிலன்ஸை எடுத்தோம். அது போன பிறகு அதுவரை யாரும் தொடாத ஏழெட்டு சின்ன மிருகங்கள் கைக்குக் கை போக ஆரம்பித்தன, எனக்கு அதைப் பார்க்கத்தான் அவ்வளவு சந்தோஷம்.

நானும் தோழியும் சொந்தமா ஒரு கார்டு கேம் செய்யறோம், நம்ம ஊர் தெய்வங்கள், மிருகங்கள் வெச்சு. ஒரு கார்டுக்கு என்ன விலைன்னு எப்படி முடிவு பண்றது? (கல்லூரி மாணவி, தத்தமங்கலம்)

முதலில் எழுத்தே இல்லாத வெறும் கார்டைச் செய்யுங்கள்: ஒன்றுக்கு ஒரு பலம், இரண்டுக்கு இரண்டு, இப்படி. அதுதான் உங்கள் படிக்கல். இனி ஒரு திறமை சேர்த்தால் படிக்கல்லிலிருந்து பலத்தைக் குறையுங்கள். சின்ன வயதில் ஆடிய டபிள்யூ டபிள்யூ ஈ டிரம்ப் கார்டு ஞாபகம் இருக்கிறதா, உயரம், எடை, ரேங்க்? அதில் கார்டுக்கு விலையே கிடையாது, அதனால் பெரிய ஆள் வந்தவன் ஜெயித்தான், யோசிக்க இடமில்லை.

வீட்டில் அப்பா, மாமா இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள் இல்லையா, அதைக் கூர்ந்து பாருங்கள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ராஜாவுக்கு ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 7, நாலு இனத்துக்கு 28. ஜாக்கி மிகப் பலமானது, ஆனால் எதிராளி துருப்பால் வெட்டினால் உங்கள் மூன்று புள்ளியும் அவருக்குப் போய்விடும். பலமும் ஆபத்தும் ஒரே சீட்டில் இருப்பதால்தான் அதை எப்போது இறக்குவது என்று மனிதர்கள் இவ்வளவு யோசிக்கிறார்கள். உங்கள் பெரிய தெய்வக் கார்டுகளுக்கும் அந்த மாதிரி ஓர் ஆபத்தைக் கொடுங்கள்.

அழகாக அச்சடிக்க இப்போதே காசு செலவழிக்காதீர்கள். வெள்ளை அட்டையில் பென்சிலால் எழுதி, ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறை) போட்டு எடுத்து வாருங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் அழித்து எழுத வேண்டியிருக்கும். எங்களில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் இருக்கிறான், எந்த விதியிலும் பத்து நிமிடத்தில் ஓட்டை கண்டுபிடிப்பான். முதலில் அவனோடு ஆடுங்கள்.