வீடியோ கேம் நிறுவனங்களில் திருநர் பணியாளர்கள்: வழக்கறிஞரின் பதில்கள்

கலிபோர்னியாவில் பணியாளர்கள் தரப்பில் மட்டுமே வழக்காடுகிறேன். என்னைத் தேடி வருபவர்களில் கேம் நிறுவனங்களில் வேலை பார்க்கும் திருநங்கைகளும் திருநம்பிகளும் பலர். இங்கே சொல்வது பொதுவான சட்ட விளக்கமே. உங்கள் வழக்குக்கு உங்கள் மாநில வழக்கறிஞரைப் பாருங்கள். தொடங்குவதற்கு முன் ஒன்று: வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனம் நீட்டும் ஒப்பந்தம் எதிலும், அதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

ஆஸ்டின், டெக்சஸ்: ஆண், பெண் என்ற இரு பாலினத்தை மட்டுமே அரசு ஏற்கும் என்று 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணைக்குப் பிறகு, திருநர் என்பதற்காக ஒருவரை நீக்குவது சட்டப்படி சரியாகிவிட்டது என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி, பாலின அடிப்படையில் பணியாளரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. திருநர் என்பதற்காக நீக்குவதும் அந்தத் தடைக்குள் அடங்கும் என்று பாஸ்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 15 அன்று, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று எய்மி ஸ்டீவன்ஸ் என்ற திருநங்கையுடையது. மிச்சிகனில் இறுதிச் சடங்கு நிறுவனமொன்றில் பணியாற்றிய அவர், இனிமேல் பெண்ணாகவே வேலைக்கு வருவேன் என்று கடிதம் கொடுத்ததால் நீக்கப்பட்டார். தீர்ப்பு வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு இறந்துபோனார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையோ, அதற்கு உச்ச நீதிமன்றம் தந்த பொருளையோ அதிபரின் ஆணையால் மாற்ற முடியாது.

மாறியிருப்பது வேறு. பணியிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் கூட்டாட்சி அமைப்பான சம வேலைவாய்ப்பு ஆணையம், திருநர் பணியாளர்களுக்காகத் தானே தொடுத்திருந்த வழக்குகள் சிலவற்றை 2025-இல் கைவிட்டது. ஆகவே உங்களுக்காக ஆணையம் வழக்காடும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஆனால் அங்கே புகார் பதிவு செய்யாமல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு நீங்களே போகவும் முடியாது. புகாருக்குச் சம்பவத்திலிருந்து 180 நாள் கெடு. அதே வகைப் பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அமைப்பு இருந்தால் 300 நாள். டெக்சஸில் இருப்பவர்கள் 180 என்றே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பு. பிறகு ஆணையம் தரும் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த 90 நாளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அலுவலகப் பேச்சை நம்பி இந்த நாள்களைக் கடத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

இர்வைன், கலிபோர்னியா: நான் தரச் சோதனைப் பிரிவில் (கேமை விளையாடிப் பார்த்துப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலை) ஒப்பந்தப் பணியாளர். ஏஜென்சியும் ஸ்டூடியோவும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். எனக்குப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. இந்தத் தொழிலில் திருநர் பலர் நுழையும் வாசலே தரச் சோதனைதான். அங்கே பலருடைய சம்பளம் ஏஜென்சி வழியாக வருகிறது, வேலையோ முழுக்க ஸ்டூடியோ மேலாளரின் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால் யாரும் உங்களை 'நீக்கியதாக' எழுதமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள். பாகுபாடு ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. கலிபோர்னியாவின் நியாய வேலைவாய்ப்புச் சட்டம் துன்புறுத்தலிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வேலை செய்பவரையும் காக்கிறது. நீக்கம், பதவி உயர்வு போன்றவற்றில், உங்கள் அன்றாட வேலையை யார் கட்டுப்படுத்தினார்கள் என்று நீதிமன்றம் பார்க்கும். இருவருமே முதலாளிகள் என்று வாதிட இடமுண்டு. பெண் பணியாளர்கள் தொடர்ந்த வழக்கில் ரயட் கேம்ஸ் 2021 டிசம்பரில் ஒப்புக்கொண்ட 10 கோடி டாலர் சமரசத்தில், ஏஜென்சி வழியாக வேலை பார்த்த பெண்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். புகாரை எழுத்தில், இரண்டு இடத்துக்கும், ஒரே நாளில் அனுப்புங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ்: சட்டப்படி பெயர் மாற்றும்வரை பழைய பெயரில்தான் அழைப்போம் என்கிறது மனிதவளத் துறை.

கலிபோர்னியாவில் அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. வரிப் படிவம் போல, சட்டமே கட்டாயமாக்கும் ஆவணங்களில் மட்டுமே சட்டப்பெயரை வலியுறுத்தலாம். மின்னஞ்சல், அரட்டைச் செயலி, அடையாள அட்டை, கூட்டத்தில் அழைப்பது ஆகிய எல்லாவற்றிலும் நீங்கள் கேட்கும் பெயரையும் பாலினச் சொற்களையுமே பயன்படுத்த வேண்டும். கழிப்பறைக்காக மருத்துவச் சான்றோ அடையாள ஆவணமோ கேட்பதும் விதிமீறல்.

சியாட்டில்: கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் மீதான வழக்கை எங்களுக்கு முன்னுதாரணமாகக் காட்ட முடியுமா?

முடியாது. 2021 ஜூலையில் கலிபோர்னியா அரசு தொடுத்த அந்த வழக்கு பெண்களின் ஊதியம், பதவி உயர்வு, துன்புறுத்தல் ஆகியவற்றைப் பற்றியது. 2023 டிசம்பரில் சுமார் 5.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சமரசம் தீர்ப்பாகாது, அதில் உங்களுக்குச் சட்டக் கோட்பாடு எதுவும் கிடைக்காது. வாஷிங்டன் மாநிலச் சட்டம் பாலின அடையாளத்தை 2006 முதலே காக்கிறது. 8 பணியாளர் உள்ள நிறுவனத்துக்கே அது பொருந்தும். கூட்டாட்சிச் சட்டத்துக்கு 15 பேர் வேண்டும், கலிபோர்னியாவில் 5 போதும். சிறிய ஸ்டூடியோக்களில் இருப்பவர்கள் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

சான் மாட்டியோ: நான் திருநர் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு குழுத் தலைமையிலிருந்து எடுத்து, பழைய கேமின் பராமரிப்புக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. பாதிப்பு இல்லை என்று சொல்லிவிடுவார்களா?

சொல்வார்கள், ஆனால் 2024 ஏப்ரலில் மல்ட்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைப் பெருமளவு பலவீனப்படுத்திவிட்டது. இடமாற்றத்தால் பணி நிலைமையில் ஏதேனும் பாதிப்பு இருந்தால் போதும், அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உங்களுக்கு வந்த மதிப்பீட்டு அறிக்கைகளின் தேதிகளைக் குறித்துவையுங்கள். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள்; எதிர்த்தரப்புக்கு நீங்களே ஆயுதம் கொடுத்ததாகிவிடும்.

பர்பாங்க்: நான் ஐந்தாண்டு உழைத்த கேமில், இறுதியில் ஓடும் பங்களிப்பாளர் பட்டியலில் என் பழைய பெயர் இருக்கிறது. மாற்ற மறுக்கிறார்கள்.

இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் அந்தப் பட்டியல்தான் உங்கள் அனுபவச் சான்று. பழைய பெயர் அங்கே நிற்கும்வரை, ஒவ்வொரு நேர்காணலிலும் அந்தப் பெயர் யாருடையது என்று நீங்கள் விளக்க வேண்டும்; அதாவது வேலை கேட்கும் முன்பே, முன்பின் தெரியாதவரிடம் உங்கள் அந்தரங்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். மறைத்தால் அனுபவம் போகிறது, சொன்னால் வேலை போகக்கூடும். யார் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று எல்லா ஸ்டூடியோவையும் கட்டுப்படுத்தும் விதி இந்தத் தொழிலில் இல்லை. சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம் வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதலை ஏற்பது அவரவர் விருப்பம்.

பழைய கேம்களைச் சேகரிக்கும் ஒருவர்: மன்னிக்க வேண்டும், மேடம். வெளிவந்த கேமின் பட்டியல் வரலாற்று ஆவணம். அதைத் திருத்துவது வரலாற்றைத் திருத்துவது ஆகாதா?

ஆகாது. நீங்கள் இரண்டு பொருள்களை ஒன்றாக்குகிறீர்கள். 1983-இல் வெளிவந்த மியூல் கேமின் பெட்டியைக் கொளுத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது உங்கள் அலமாரியில் அப்படியே இருக்கட்டும். அதை வடிவமைத்தவர் 1992-இல் பெண்ணாக மாறி, டேனியல் பன்டன் பெர்ரி என்ற பெயரில் வாழ்ந்து 1998-இல் மறைந்தார். 2007-இல் கேம் துறை அமைப்பான ஊடாட்டக் கலைகள் கழகம் தன் புகழ்மண்டபத்தில் அவரை அந்தப் பெயரில்தான் சேர்த்தது. அதனால் எந்த வரலாறு அழிந்தது? பர்பாங்க் நண்பர் பேசுவது, நிறுவனம் இன்றும் விற்றுக்கொண்டும் வாரந்தோறும் திருத்தம் வெளியிட்டுக்கொண்டும் இருக்கிற கேமைப் பற்றி. துப்பாக்கியின் வேகத்தை மாற்ற வெளியிடும் அதே திருத்தத்தில் ஒரு பெயரை மாற்றுவதற்குத் தடை என்ன?

அதே சேகரிப்பாளர்: ஆனால் ஆய்வாளர் ஒருவர் இரண்டு பெயரையும் இணைக்க முடியாமல் போகுமே.

ஆய்வாளரின் வசதிக்காக, உயிரோடு இருக்கிற ஒருவர் தன் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இணைக்க வேண்டுமா என்பதைப் பெயருக்கு உரியவர் முடிவு செய்யட்டும். தாங்களே முன்வந்து இரண்டையும் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய தேர்வு.

வான்கூவரிலிருந்து ஒருவர்: எங்கள் ஸ்டூடியோவில் வெளியீட்டுக்கு முன்பே விலகியவர்களின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. இதுவும் அதே பிரச்சினைதானே?

அதன் இன்னொரு முகம். துன்புறுத்தல் தாங்காமல் விலகியவர் தான் செய்த வேலையின் தடயத்தையும் சேர்த்து இழக்கிறார். பர்பாங்க் நண்பருக்கு என் ஆலோசனை: பெயர் மாற்றக் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள், திருமணத்துக்குப் பிறகு வேறு யாருக்காவது அதே பட்டியலில் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்குக் கொடுத்து உங்களுக்கு மறுத்தால், அதுவே பாகுபாட்டுக்கான வலுவான சான்று.

சான் ஹோசே: ஒப்பந்தப் பணியாளருக்குப் பாதுகாப்பு உண்டா?

இர்வைன் கேள்விக்குத் தந்த பதிலைப் படியுங்கள்.

சான் டியேகோ: பலரை ஒரே நேரத்தில் பணிநீக்கம் செய்தபோது என் பெயரும் வந்தது. எங்கள் குழுவில் நீக்கப்பட்டது நான் மட்டுமே. நாளைக்குள் கையெழுத்திட்டால் இரண்டு மாதச் சம்பளம் என்கிறார்கள்.

நாளைக்குள் கையெழுத்திடாதீர்கள். வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, குறைந்தது ஐந்து வேலைநாள் அவகாசமும் தர வேண்டும் என்கிறது 2022 முதல் நடப்பிலிருக்கும் கலிபோர்னியாச் சட்டம். பணியிடத்தில் நடந்த பாகுபாட்டை வெளியில் பேசக்கூடாது என்ற நிபந்தனையும் அந்த ஒப்பந்தத்தில் செல்லாது. தொகையை மட்டும் ரகசியமாக வைக்கச் சொல்லலாம். நூறு பேர் நீக்கப்பட்டார்கள் என்பது உங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு விளக்கமாகாது. பட்டியலை யார் தயாரித்தார், எந்த அளவுகோலில் என்பதே கேள்வி.

சென்னை: அமெரிக்க ஸ்டூடியோவுக்காக இங்கே கலைப்பணி செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன்.

இந்தியச் சட்டம் என் துறையன்று. 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்த சென்னை வழக்கறிஞரை அணுகுங்கள்.

ரெட்மண்ட்: விலகிவிடலாமா?

இதே கேள்வி இன்று பல வடிவில் வந்துவிட்டது. வழக்கறிஞரைப் பார்க்கும் முன் விலகாதீர்கள்; தானாகப் போனவர் என்று எழுதிவிடுவார்கள். உடல்நலமோ உயிரோ ஆபத்தில் இருந்தால் மட்டும் வழக்கைப் பற்றி யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

சான்டா மோனிகா: நான் சமூக மேலாளர்; நிறுவனத்தின் சார்பில் விளையாடுபவர்களோடு பேசுவது என் வேலை. திருநங்கை என்று தெரிந்ததிலிருந்து விளையாடுபவர்கள் நேரலையிலும் செய்தியிலும் மிரட்டுகிறார்கள். அவர்கள் பணியாளர்களே இல்லையென்று நிறுவனம் கைவிரிக்கிறது.

கைவிரிக்க முடியாது. கலிபோர்னியாவில், வெளியாட்கள் பணியாளரைத் துன்புறுத்துவது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், உடனே தகுந்த நடவடிக்கை எடுக்காத முதலாளி பொறுப்பாகலாம். எவ்வளவு கட்டுப்பாடு அவர் கையில் இருக்கிறது என்பதும் பார்க்கப்படும். கேம் நிறுவனத்தின் கையில் அது நிறையவே இருக்கிறது: மிரட்டியவரின் கணக்கை முடக்கலாம், மன்றத்திலிருந்து விலக்கலாம், உங்கள் முழுப்பெயரை நீக்கலாம், நேரலைக்கு வேறொருவரையும் உடன் அமர்த்தலாம். உங்களை மட்டும் நேரலையிலிருந்து எடுத்துவிடுவது அதில் சேராது; அது உங்களுக்கே தண்டனை. மிரட்டல்களைத் தேதியோடு படமெடுத்து, என்னென்ன செய்ய வேண்டுமென்று நீங்களே குறிப்பிட்டு மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் எழுதுங்கள். கொலை மிரட்டல் என்றால் இன்றே காவல்துறையிலும் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவெண்ணை அடுத்த கடிதத்தில் சேருங்கள்.